சேவலைத் தேடிய அப்பாயி

2024 நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. முப்பத்தொரு வருடம் நான் படிப்பித்த பள்ளிக்கூடம். மேட்டு லயத்து அப்பாயியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டேன். எண்பதைத் தாண்டியவர். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் முடி மெலிந்து ஒரு தடமே விழுந்திருக்கிறது. உள்ளே போனவர் வெளியே வர நெடுநேரமாயிற்று. வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"சேரு, அந்தத் தாளுல சேவலக் காணோமே?"

சேவல், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சின்னம். எங்கள் ஆட்கள் இ.தொ.கா. என்றுகூடச் சொல்வதில்லை, 'காங்கிரஸ்' என்றால் போதும். ஆனால் அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர்கள் நுவரெலியா மாவட்டத்தில் யானைச் சின்னத்தில் நின்றார்கள். 2020இல் தாமரை மொட்டு, 2015இல் வெற்றிலை. மூன்று பொதுத் தேர்தலுக்கு மூன்று சின்னம். நான் முன்னமே சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். உள்ளே போனதும் கண் பழகிய சேவலைத்தான் தேடியிருக்கிறது.

அப்பாயி கேட்ட கேள்விக்குள்ளேதான் காங்கிரஸ் பொதுச் செயலாளர் ஜீவன் தொண்டமானின் எதிர்காலம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் பூண்டுலோயாவிலிருந்து தொண்டமான் குடும்பத்தின் றம்பொடை வேவண்டன் தோட்டம் தூரமில்லை. கொத்மலைப் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். 2020 மே 26ஆம் திகதி காங்கிரஸ் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் கொழும்பில் காலமான சேதி இரவோடு இரவாக லயம் லயமாகப் பரவியது. இன்னும் மூன்று நாளில் அவருக்கு 56 வயது முடிந்திருக்கும். கொரோனா காலம். ஊரடங்குக்குள்ளேதான் மே 31ஆம் திகதி நோர்வூட்டில் தகனம் நடந்தது. போக முடியாதவர்கள் லயத்து வாசலில் வாழைக்குருத்தும் கறுப்புக் கொடியும் கட்டினார்கள்.

அடுத்த மாதமே கட்சியின் பொதுச் செயலாளர் பொறுப்பு அவருடைய மகன் ஜீவனுக்கு வந்தது. 1994இல் பிறந்தவர், இங்கிலாந்தில் சட்டம் படித்தவர், அப்போது வயது 25. ஆகஸ்ட் 5ஆம் திகதி தேர்தல். மொட்டுச் சின்னத்தில் நின்று 109,155 விருப்பு வாக்குகள் பெற்று மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். தகப்பன் செத்த துக்கத்தில் விழுந்த வாக்கு அது என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி மட்டும் நினைக்கவில்லை. எங்கள் ஆட்கள் கடன் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய ஐயா சௌமியமூர்த்தி தொண்டமானுக்குப் பட்ட கடனைப் பேரனுக்கும் கொள்ளுப் பேரனுக்கும் கட்டினார்கள்.

அந்தக் கடன் என்ன என்று இளம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது எங்கள் பாட்டன் பூட்டன்மார் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. அதற்கு முந்திய 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றிருந்தார். தலவாக்கலையில் வென்றவர் எங்கள் பக்கத்து மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. வாக்காளர்களின் பெயரே வெட்டுப்பட்ட பிறகு வேட்பாளர்களுக்கு என்ன வேலை? 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸாகத் தொடங்கி, 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய அந்தச் சங்கம், வாக்கில்லாத ஜனங்களின் சங்கமாக முப்பது வருடத்துக்கு மேல் நின்றது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் ஆட்களைத் தலைக்கணக்காகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். 1977இல் தொண்டமான் மறுபடி பாராளுமன்றம் போனார். அடுத்த வருடம் அமைச்சரானார். 1999இல் சாகும்வரை, ஆட்சிகள் மாறினாலும் அவருக்கு அமைச்சரவையில் இடமிருந்தது. அந்த இடத்தை வைத்துத்தான் 1988 சட்டத்தில் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வாங்கினார் என்பது தோட்டத்துக் கணக்கு.

மேட்டு லயத்து அப்பாயி முதல் வாக்குப் போட்டபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பிரஜாவுரிமைச் சான்றிதழை இன்னும் தகரப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி, கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒருமுறை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பின்புறம் பழைய கலண்டர்த் தாள் ஒட்டியிருந்தது. "இத வாங்கிக் குடுத்தது சேவலு" என்றார். அந்தப் பெட்டியைப் பார்த்தவன் தொண்டமான் என்ற பெயரை வெறும் பரம்பரைப் பெருமை என்று தள்ளிவிட மாட்டான்.

ஆனால் அந்தப் பெட்டி அப்பாயியோடு முடிந்துவிடும். அவருடைய பேத்திக்கு 24 வயது. கொழும்பில் ஒரு உடுப்புக் கடையில் வேலை. தேர்தலுக்கு முந்திய இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, காலையில் வாக்குப் போட்டு, மறுநாள் திரும்பிவிட்டாள். அவள் பிறந்தபோதே பிரஜை. யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. தேடி வந்த சின்னம் திசைகாட்டி. ஒளிக்காமல் சொன்னாள்.

அவளைப் போல எத்தனையோ பேர். மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் திசைகாட்டியில் நின்ற தேசிய மக்கள் சக்தி எடுத்தது. தொலைபேசிச் சின்னத்தில் நின்ற பழனி திகாம்பரமும் வே. இராதாகிருஷ்ணனும் இரண்டு. யானைக்குக் கிடைத்த ஒரே ஆசனம் ஜீவன் தொண்டமானுக்கு. நாலு வருடத்துக்கு முன் வாங்கிய விருப்பு வாக்கில் பாதிகூட இந்த முறை இல்லை. தேசிய மக்கள் சக்தியின் அந்த ஐந்து பேரில் ஒருவர் கிருஷ்ணன் கலைச்செல்வி. பதுளையில் அம்பிகா சாமுவேல் வென்றார். கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்கள் கையால் நடக்கும் இந்த மலைநாட்டிலிருந்து மக்கள் வாக்கில் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போக 2024 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதைச் செய்யும் முதல் உரிமை எங்கள் பழைய சங்கங்களுக்கு இருந்தது. அவர்கள் செய்யவில்லை.

ஒரு கட்சி தன் தலைவரை யாரைக் கேட்டுத் தெரிவு செய்கிறது என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். அதற்காக இந்த இடத்தில் கனடாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பெரியம்மா மகளின் குடும்பம் 1977 கலவரத்தில் வீடு இழந்து வன்னிக்குப் போனது. அங்கிருந்து பிறகு கனடா. அக்காவின் மகன் ஸ்காபரோவில் லொறி ஓட்டுகிறான். 2022இல் அவன் அங்கே கன்சர்வேட்டிவ் கட்சியில் அங்கத்துவம் எடுத்தான். பழமை பேணும் வலதுசாரிக் கட்சி அது. வரியைக் குறைப்போம், வீட்டு விலையைக் கட்டுப்படுத்துவோம் என்றார்களாம். அவனுக்கு வீடுதான் கவலை. அவனுடைய அரசியல் சரியா பிழையா என்ற விசாரணை எனக்கு வேண்டாம். அவன் ஃபோனில் சொன்ன நடைமுறைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

15 டொலர் கட்டி அங்கத்துவம் எடுத்தவனுக்கு வீட்டுக்குத் தபாலில் வாக்குச்சீட்டு வருகிறது. போட்டியிடுபவர்களின் பெயருக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பம் போட்டு அனுப்ப வேண்டும். நாட்டின் ஒவ்வொரு தேர்தல் தொகுதிக்கும் பெரும்பாலும் நூறு புள்ளி. ஆள் குறைந்த தொகுதியும் பெரிய நகரத்துத் தொகுதியும் தலைவரைத் தெரிவதில் ஏறக்குறையச் சமம். அந்த முறை வாக்குரிமை இருந்தவர்கள் ஆறு இலட்சத்துக்கும் மேல். செப்டெம்பர் 10ஆம் திகதி பியேர் பொலியேவ் 68 விழுக்காட்டோடு முதல் எண்ணிக்கையிலேயே வென்றார். அவருக்கு முந்திய தலைவர் எரின் ஓ'டூலை அந்த வருடம் பெப்ரவரியில் அவருடைய சொந்தக் கட்சி எம்.பி.மாரே இரகசிய வாக்கெடுப்பில் 73க்கு 45 என்று இறக்கிவிட்டிருந்தார்கள்.

பொலியேவுக்கும் அதன் பிறகு எல்லாம் இனிக்கவில்லை. 2025 ஏப்ரல் 28 பொதுத் தேர்தலில் கட்சி தோற்றது. இருபது வருடமாக வென்று வந்த அவருடைய சொந்தத் தொகுதியே கைவிட்டது. அல்பேர்ட்டா மாகாணத்தில் ஒரு எம்.பி. விட்டுக்கொடுத்த தொகுதியில் ஆகஸ்டில் இடைத்தேர்தலில் நின்று உள்ளே வந்தார். அதோடு விடவில்லை. 2026 ஜனவரியில் கல்கரி மாநாட்டில், இவர் தலைவராக நீடிக்கலாமா என்று கட்சிப் பிரதிநிதிகளிடம் வாக்குக் கேட்டார்கள். 87 விழுக்காட்டுக்கு மேல் 'ஆம்' வந்தது. தோற்ற தலைவர் தன் ஆட்களிடம் போய் நின்று, இன்னும் நான் இருக்கலாமா என்று கேட்டு, அவர்கள் சொன்ன பதிலோடு திரும்புகிறார். அந்தப் பதிலுக்கு ஒரு பலம் இருக்கிறது. அடுத்த தடவை எதிராளி கை நீட்டும்போது, என்னை வைத்திருப்பது என் ஆட்கள் என்று சொல்லலாம்.

"மாமா, நம்ம காங்கிரஸ்ல தலைவர எப்பிடித் தெரிவு செய்வாங்க?" என்று கேட்டான் அக்கா மகன்.

தோட்டக் கமிட்டிக்குத் தலைவர், தலைவி தெரிவு நடக்கும். அதற்கு மேலே ஜில்லா, மாநிலம். உச்சியில் தேசிய சபை. பொதுச் செயலாளரைத் தீர்மானிப்பது அந்தச் சபை. மலையில் கொழுந்து எடுக்கிற பெண் கையில் அதற்கு ஒரு சீட்டு வருவதில்லை. இது காங்கிரஸில் மட்டும் உள்ள நடைமுறையும் இல்லை. என் அம்மா முப்பத்தைந்து வருடம் ஒரு சங்கத்தில் இருந்தார். எந்தச் சங்கம் என்பது இங்கே வேண்டாம். மாதா மாதம் சம்பளத் துண்டில் ஈ.பி.எஃப், அட்வான்ஸ், கோயில் காசு, டோபி, பார்பர் என்று வெட்டிய பிறகு 'சங்கம்' என்று ஒரு வரி இருக்கும். தோட்டமே வெட்டிச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் அந்தத் துண்டை வாசித்துக் காட்டுவது என் வேலை. 'சங்கம்' என்ற வரி வந்ததும் "அது சரி, அது இருக்கட்டும்" என்பார். மற்ற எல்லா வெட்டுக்கும் முகம் சுளிப்பார், அதற்கு மட்டும் இல்லை. அந்த வரியின் மேல் அம்மா வைத்திருந்த நம்பிக்கைதான் மலையகத்தில் எந்தத் தலைவருக்கும் முதல்.

இப்போது அந்த முதல் கரைகிறது. 1992இல் அரசாங்கத் தோட்டங்களை 22 கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு கம்பனிகளோடு சங்கங்கள் பேசி, கூட்டு ஒப்பந்தம் போட்டு, சம்பளம் தீர்மானிக்கும் முறை வந்தது. நாளுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை 2015இல் எழுந்து வருடக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் அது வந்தது. கூட்டு ஒப்பந்தம் அதோடு செத்தது. 2024 மே முதலாம் திகதி கொட்டகலை மேதினக் கூட்டத்தில், ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 என்று அறிவித்தார். காங்கிரஸ் மேடை அது. கம்பனிகள் நீதிமன்றம் போக, செப்டெம்பரில் 1,350 அடிப்படை, மேலதிகக் கொழுந்துக்கு 350 என்று உருமாறி வந்தது. 2025 நவம்பரில் புதிய அரசாங்கம் வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படையை 1,550 ஆக்கவும், வருகைக்கு அரசே 200 ரூபாய் கொடுக்கவும் முன்மொழிந்தது. தோட்டத்துப் பெண்ணின் பார்வையில் இதன் பொருள் என்ன? சம்பளத்தை வாங்கித் தருகிறவர் சங்கத் தலைவர் என்றிருந்தது, அரசாங்கம் என்று ஆகிவிட்டது. சங்கத்தின் வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டால் 'சங்கம்' என்ற அந்த வரி எதற்கு என்று அவள் கேட்பாள்.

அமைச்சுப் பதவி கையில் இருந்தால் இதற்குப் பதில் சொல்லலாம். வீடு, ரோடு, தண்ணீர் என்று காட்டலாம். ஜீவனுக்கு அது வாய்த்தது. 2020இல் இராஜாங்க அமைச்சர். 2022 ஏப்ரலில் நாடு கொந்தளித்தபோது விலகினார். 2023 ஜனவரியில் 28 வயதில் அமைச்சரவைக்குள் போனார். நீர் வழங்கலும் தோட்ட உட்கட்டமைப்பும் அவர் கையில் இருந்தன. மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு வருடமானதை அந்த நவம்பரில் கொழும்பில் 'நாம் 200' என்று கொண்டாடியபோது இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வந்தார். நல்ல மேடைதான். ஆனால் அதே வருடம் ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி ஹட்டனில் ஒரு பிரகடனம் வெளியிட்டு, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்கள். பீலியடியில் நின்று பெண்களோடு பேசினார்கள். கார் கொண்டு வரவில்லை.

வீட்டு விசயத்தில் எங்கள் ஊர்க் கணக்கு இன்னும் கடினம். பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் மகாத்மா காந்திபுரம் என்று 404 வீடுகள் இந்திய உதவியில் எழுந்தன. 2018 ஆகஸ்டில் திறந்தபோது இந்தியப் பிரதமர் மோடி காணொளியில் பேசினார். அப்போது மலைநாட்டு அமைச்சர் பழனி திகாம்பரம். ஆளுக்கு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு அவர் காலத்தோடு சேர்த்து நினைக்கப்படுகிறது. லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பியவனுக்குத் தனி வீட்டின் சாவி பெரிய சாமி. அந்தச் சாவி எங்கள் பக்கத்தில் காங்கிரஸ் கையிலிருந்து வரவில்லை. இதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அப்படியானால் ஜீவன் தொண்டமானுக்கு வழியே இல்லையா? இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். அவருக்கு வயது இருக்கிறது. மூன்று மொழியும் பேசுவார். சட்டம் தெரியும். தோட்டத்து வீட்டுக்கும் காணிக்கும் உறுதிப்பத்திரம் என்பது இனி முழுக்க முழுக்கச் சட்ட வேலை. யார் பெயரில், எந்தச் சட்டத்தில், வங்கியில் வைக்கக்கூடிய உறுதியா, வெறும் அனுமதிப் பத்திரமா என்று கம்பனியோடும் காணி அலுவலகத்தோடும் தாள் தாளாகப் போராட வேண்டும். அதைச் செய்ய எதிர்க்கட்சி வரிசை போதும், அமைச்சு வேண்டியதில்லை. பெரிய ஐயா அமைச்சராவதற்கு முந்திய முப்பது வருடமும் அதைத்தான் செய்தார். வாக்கில்லாதவர்களுக்காகத் தாளோடு அலைந்தார்.

மத்திய மாகாண சபைக்குத் தேர்தல் நடந்து 2013 செப்டெம்பரோடு நின்றுவிட்டது. அது மறுபடி வரும்போது, அடுத்த பொதுத் தேர்தலுக்கு முந்திய உண்மையான பரீட்சை அதுதான். அதில் கொழும்பில் யார் ஆள்கிறார்களோ அவர்களுடைய சின்னத்தை இரவல் வாங்காமல் சேவலிலேயே நின்று, தோற்றாலும் தன் பலம் இவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. வேட்பாளர் பட்டியலில் பாதிப் பேர் மலையில் கொழுந்து எடுத்த பெண்களாக இருக்க வேண்டும். அதற்கு முன்னே சங்கத்துக்குள் ஒரு வாக்கெடுப்பு. சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. நிறுவை நடக்கிற இடத்திலேயே பெட்டி வைக்கலாம். கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு அந்தக் கையோடு ஒரு புள்ளடி. அப்படி ஒரு வாக்கெடுப்பில் ஜீவன் நின்றால் வெல்வார் என்றே நினைக்கிறேன். அப்பாயி மாதிரி ஆட்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கொள்ளுப்பேரன் என்பதால் வந்த பதவி, தொழிலாளி போட்ட சீட்டால் வந்த பதவியாக மாறும். பிறகு கம்பனிக்காரன் முன்னால் உட்காரும்போது அவருடைய நாற்காலியின் உயரமே வேறு.

போன மாதம் மருமகன் அழைத்தபோது அப்பாயியின் பேத்தி லீவில் வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவன் கல்கரி மாநாட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவள் என்னைப் பார்த்தாள்.

"சேர், அங்க சந்தா கட்டுனா தலைவருக்கே ஓட்டுப் போடலாமா?"

"போடலாம். போட்டிருக்கானே."

"எவ்வளவு சேர் சந்தா?"

பதினைந்து டொலர் என்றேன். நம்ம காசுக்கு மூவாயிரத்துச் சொச்சம்.

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் ஏதோ கூட்டினாள்.

"அப்பாயி முப்பது வருசம் கட்டியிருக்கு, சேர்" என்றாள்.